ஏழு தொட்டியும் ஏற்கெனவே நனைந்திருந்தன

1

இந்தக் கதை ஒரு பூந்தொட்டியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மற்றவர்கள் மழை, மலை, ரயில் பயணம் என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு வாய்த்தது ஒரு கையளவு ஈரமண்.

புத்தாண்டுச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டு இரண்டு மாதம் முன்பு ஒரு பத்திரிகை ஆசிரியர் பேசினார். "சந்தோஷமா ஒண்ணு குடுங்க. குளிர்கால லீவு, வண்ண விளக்கு, கேக்கு, குடும்பமா எல்லாரும் ஒண்ணா இருக்கறது... உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும் என்றேன். கெடு முடிந்தது. என் கதை இல்லாமலேயே இதழும் வந்துவிட்டது, பார்க்க அழகாகவே இருக்கிறது. இன்று ஆண்டின் கடைசி நாள், மதியம் ஒரு மணி. இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் தனியாக"

வேண்டாம். எல்லாக் குளிர்காலக் கதையிலும் வெளியே பனி விழுகிறது, உள்ளே ஒருவர் தனியாக இருக்கிறார். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: "அந்தக் குடியிருப்பில் பதினெட்டு வீடுகள். டிசம்பர் இருபத்துநாலாம் தேதிக்குள் பதினாறு வீட்டுக்காரர்கள் பெட்டியும் கையுமாக இறங்கிப் போனார்கள். பதினேழாமவரும் போனார், ஆனால்"

ஆனால் என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் செலவழிக்கக் கூடாது.

மூன்றாவது: "அவளைச் சாவிக்கொத்து என்று கூப்பிட்டார்கள்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவளைச் சாவிக்கொத்து என்று கூப்பிட்டார்கள். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று தினமும் அறுபது பேரிடம் பொய் சொல்லி ஊசி குத்துகிறவள். ஊரே விடுமுறையில் இருந்தாலும் யாருக்காவது இரத்தம் எடுத்தாக வேண்டுமே, அதனால் அவளுக்கு லீவு கிடையாது. டிசம்பர் வந்தால் குடியிருப்பே அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும். இரண்டாம் மாடியில் ஒரு பூனை, நாலாம் மாடியில் மீன்தொட்டி, ஆறாம் மாடியில் செடிகள்.

(இவள் கற்பனை. எனக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். நிஜத்தில் சாவிகள் என்னிடம்தான் வரும். வீட்டிலிருந்து எழுதுகிறவளை வேலைவெட்டி இல்லாதவள் கணக்கில்தான் எல்லோரும் சேர்க்கிறார்கள். "நீங்க வீட்லதானே இருக்கீங்க?" இவளை ஏன் படைத்தேன் என்று நாலாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரைக்கும் என்னைப் பற்றி நல்லபடியாகவே நினைத்துக்கொண்டிருங்கள்.)

ஆறாம் மாடிக்காரரை எல்லோரும் பிரேக் சார் என்பார்கள். இவர் நிஜம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் கால்மாட்டில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்தே வாழ்நாள் போனதால், லிஃப்டில் நின்றாலும் கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒரே மகள் வேறு ஊரில் இருக்கிறாள்.

இருபத்துமூன்றாம் தேதி வந்து சாவியை நீட்டினார்.

"மக வரச் சொல்லியிருக்காம்மா. ஒண்ணாந்தேதி கழிச்சுத்தான் வருவேன். ஏழு தொட்டி இருக்கு, ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்தினாப் போதும்."

"பேரனைப் பாக்கப் போற சந்தோஷம் மொகத்துலயே தெரியுது சார்."

"பின்னே?" என்றார்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குச் சாவிக்கொத்து அவர் வீட்டைத் திறந்தாள். முதல் தொட்டியில் மணி பிளான்ட். மண்ணில் விரலை வைத்தாள். ஈரம். அடுத்ததும் ஈரம். பால்கனியில் பெயின்ட் டப்பாவில் நின்ற மிளகாய்ச் செடிக்குக் கீழே வழிந்த தண்ணீர்கூட இன்னும் காயவில்லை. ஏழு தொட்டியும் ஏற்கெனவே நனைந்திருந்தன. சமையல் மேடையில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது, அதைச் சுற்றி ஈர வட்டம். படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களிடம் இந்த அமைதியைத் தினமும் கேட்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? அப்புறம் ஓர் இருமல், பாதியில் விழுங்கப்பட்டது. பிரேக் சாருடைய இருமல்.

4

சாவிக்கொத்தை எடுத்துவிட்டு என்னை வையுங்கள். இதுவரை சொன்னது அப்படியே போன வருடம் நடந்தது.

இருமலைக் கேட்டதும் நான் என்ன செய்தேன்? பூனை மாதிரி அடிமேல் அடிவைத்து வெளியே வந்து, கதவைப் பூட்டி, இறங்கிவிட்டேன். திருடன் என்று பயந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர்தான் என்று தெரிந்தே ஓடினேன். மனிதர் வெட்கப்படுவாரே என்று கண்டும் காணாமல் இருந்தேன். அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வருவதாகச் சொன்ன நாள்வரை ஆறாம் மாடிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி பெட்டியோடு வந்து என் கதவைத் தட்டினார். கழுத்தில் மஃப்ளர், கையில் ஒரு பிஸ்கட் பெட்டி.

"மக குடுத்தனுப்பினா" என்றார். பெட்டியின் அடியில் எங்கள் தெருமுனைக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது.

"அங்க எப்படி இருந்துச்சு சார்?"

"அதையேன் கேக்கறீங்க! பேரன் முதுகை விட்டு எறங்கவே இல்ல. புதுவருஷம் பொறந்ததும் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயி ஒரே கூச்சல். மாப்பிள்ளை பாட்டு வேற பாடினார். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட ஆரம்பிச்சிருச்சு."

(அந்த நாய்! இருபது வருடமாக எழுதுகிறேன், எனக்கு அந்த நாய் தோன்றியிருக்காது.)

அப்புறம் சொன்னார்: "செடியெல்லாம் தங்கமாப் பாத்துக்கிட்டீங்கம்மா. ஒரு இலை வாடல. ரொம்ப நன்றி."

"அதுக்கென்ன சார், பிஸ்கட்டுக்கு நாந்தான் நன்றி சொல்லணும்" என்றேன்.

நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அது அவருக்குத் தெரியும். அவர் எங்கும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டோம். பிஸ்கட்டைப் பிரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் மூன்று மணிக்கு அவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாவிச் சத்தத்துக்காகக் காத்திருந்திருப்பார். யாரும் வரவில்லை. ஒளிந்துகொள்வதற்குக்கூட அவருக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பிஸ்கட் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

சாவிக்கொத்தைப் படைத்தது இதற்காகத்தான். நான் போகாத நாளெல்லாம் அவள் போக வேண்டும்.

5

சாவிக்கொத்து ஓடவில்லை. நனைந்த தொட்டிகளுக்கே இன்னொரு முறை தண்ணீர் ஊற்றினாள். ஊற்றாமல் போனால் தனக்குத் தெரிந்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? மறுநாளும் அவர் ஊற்றியிருந்தார், இவளும் ஊற்றினாள். நாலாம் நாள் மணி பிளான்ட் மஞ்சளடித்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. இரண்டு பேருடைய நாகரிகத்துக்கு நடுவில் ஏழு செடிகள் மூழ்கிச் சாகக் கிடந்தன.

ஐந்தாம் நாள் அவள் குழாயைச் சத்தமாகத் திறந்து ஜக்கை நிரப்பினாள். ஒவ்வொரு தொட்டியிடமும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மொத்தத் தண்ணீரையும் ஓசைப்படாமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டாள். நிற்கிற நேரத்துக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று செடிகளிடம் பேசினாள்.

"என்னடி இப்படி மஞ்சளாப் போயிட்ட? ஒங்க சார் வந்தா என்னையில்ல திட்டுவார்! இன்னிக்கு ஒருத்தர் ஊசியப் பாத்ததுமே மயங்கி விழுந்துட்டார் தெரியுமா? ஆளு யாருங்கற? போலீஸ்காரர். தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்."

படுக்கையறையில் ஒரு சிரிப்பு மூக்கு வழியாகக் கிளம்பி, உடனே பிரேக் பிடித்து நின்றது.

ஆறாம் நாள் அவள் விரலை வைத்துப் பார்த்தபோது ஏழு தொட்டியிலும் மேல்மண் காய்ந்திருந்தது. அவர் ஊற்றவில்லை. அவளுக்காக விட்டு வைத்திருந்தார்.*

* இந்த வரியை எழுதும்வரை எனக்கே இது தெரியாது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

6

மகள் விஷயத்தில்தான் தடுமாற்றம். முதலில் "'இந்த வருஷம் வேணாம்ப்பா, வீட்ல எடமில்ல' என்று அவள்" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். கல்நெஞ்சுக்கார மகளை எழுதுவது சுலபம். ஆனால் அவளை நான் பார்த்திருக்கிறேன். மார்ச்சில் அப்பாவைப் பார்க்க வந்தவள் லிஃப்டில் என்னிடம் கேட்டாள்:

"ஒங்க பில்டிங்ல புதுவருஷம் ரொம்ப ஜோராமே ஆன்ட்டி? நாங்க கூப்பிட்டாக்கூட அப்பா வரல. எல்லாரும் விட மாட்டேங்கறாங்கன்னார்."

"ஆமாம்மா" என்றேன். பக்கத்தில் அவர் நின்றிருந்தார், கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

ஆக, எங்களிடம் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார், மகளிடம் இங்கே கொண்டாட்டம் என்று சொன்னார். ஏன்? இனி நான் சொல்வது ஊகம். மகள் தொலைபேசியில் "வாங்கப்பா" என்பதற்கு முன்னால் ஒரே ஒரு மூச்சு தயங்கியிருப்பாள். அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம், குழந்தை இழுத்திருக்கலாம். ஆனால் பிரேக்குக்குக் கால் போகும்முன் வருகிற தயக்கத்தை முப்பது வருடமாக அளந்தவர் அவர். அந்த ஒரு மூச்சு அவருக்குப் போதுமாக இருந்திருக்கும்.

7

முடிவுகள்.

(அ) முப்பத்தொன்றாம் தேதி சாவிக்கொத்து படுக்கையறைக் கதவைத் தட்டுகிறாள். "சார், எனக்குத் தெரியும். வெளிய வாங்க." நேர்மையான முடிவு. கதவு திறந்ததும் அவர் முகம்

எழுத வரவில்லை. மூன்று முறை முயன்றேன்.

(ஆ) கடைசிவரை தண்ணீர் ஊற்றுகிறாள், இரண்டாம் தேதி பிஸ்கட்டை வாங்கிக்கொள்கிறாள். இதற்கு நானே போதுமே, சாவிக்கொத்து எதற்கு?

(இ) முப்பத்தொன்றாம் தேதி மூன்று மணிக்கு, மிளகாய்ச் செடியிடம் சற்று உரக்கவே சொல்கிறாள்:

"விஷயம் தெரியுமாடி? மூடுபனியாம். நாளைலேர்ந்து ரயில் ஓடாதாம். ஊருக்குப் போனவங்கல்லாம் இன்னிக்கே திரும்பி வர்றாங்களாம், பெட்டியோட. பாவம், வந்து என்னத்தச் சாப்பிடுவாங்க? நான் வேற கணக்குத் தெரியாம ரெண்டு பேருக்குச் சமைச்சுத் தொலைச்சுட்டேன். ஏழு மணிக்கு அதை என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அன்று ஏழு மணிக்கு அவள் வீட்டு மணி அடித்தது. வெளியே மஃப்ளர், பெட்டி, தூசி படாத ஷூ.

"மூடுபனியாம்மா. நாளைலேர்ந்து ரயில் கெடையாதுன்னுட்டாங்க. கெளம்பி வந்துட்டேன்."

"நானும் கேள்விப்பட்டேன் சார். உள்ள வாங்க, சாப்பாடு ஆறுது. பேரன் எப்படி இருக்கான்?"

"அதையேன் கேக்கறீங்க!" என்று பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

8

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருப்பேன். பத்திரிகை ஆசிரியருக்கும் பிடித்திருக்கும். ஆனால் இந்த மாதம் இருபத்துமூன்றாம் தேதி பிரேக் சார் மறுபடியும் என் கதவைத் தட்டினார். "மக வரச் சொல்லியிருக்காம்மா" என்றார். சாவி இதோ, இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டு நாளாகிறது. கதை எழுத வேண்டும் என்ற சாக்கில் இந்த வருடமும் நான் ஒருநாள்கூடப் போகவில்லை.

மணி மூன்றாகப் போகிறது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருக்கிறது. மூடுபனிக்கு வழியே இல்லை. ரயில் நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன், எல்லா ரயிலும் நேரத்துக்கு ஓடுகிறதாம். நான் எழுதிய முடிவில் நிஜமானது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன்.

படியேறிக்கொண்டிருக்கிறேன். லிஃப்டில் போனால் யோசிக்க நேரம் இருக்காது. மீதியைக் கைபேசியில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியே வர ஒரு காரணம் வேண்டும். மூடுபனியைவிடப் பொருத்தமாக, அவர் அப்படியே எடுத்துப் போர்த்திக்கொள்கிற மாதிரி ஒன்று. நீங்களும் யாருக்காவது அன்பாகப் பொய் சொல்லியிருப்பீர்களே? அதில் ஒன்றைக் கொடுங்கள். சீக்கிரம், ஐந்தாம் மாடி வந்துவிட்டது. அவருடைய பெட்டி கட்டித் தயாராகத்தான் இருக்கும்.