மூன்று கரண்டி உப்பு

பெண் கேட்டு வருகிறவன் என்னை "ஷாகிர்" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான் என்று முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், நான் துருக்கியில் இருக்கும் என் ஊர் கஸ்தமோனுவை விட்டுக் கிளம்பியே இருக்க மாட்டேன். இந்த அயோவா ஊரில் நண்டு சிண்டெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறது. டிராக்டர் பழுது பார்க்கிறவன் அதையெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியாது. ஆனால் மருமகன் விஷயம் வேறு.

வெஸ்லியைக் கெட்டவன் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் என் கஷ்டமே. குடி கிடையாது. அப்பா ரோலண்ட் ஹெக்மேனோடு அறுநூறு ஏக்கர் சோளத்தைப் பார்த்துக்கொள்கிறான். என் பயம் என்னவென்றால், பெலின் எனக்கு ஒரே பெண். அவளும் போய்விட்டால் இந்த ஊரில் என் பாஷையைப் பேச நானும் என் மனைவி மூனெவ்வரும்தான் மிச்சம். நாளைக்குப் பேரனும் வந்து "ஷாகிர்" என்பான்.

"அவ முடிவு பண்ணிட்டா. நீங்க எதுக்கு முட்டுக்கட்டை போடுறீங்க?" என்றாள் மூனெவ்வர்.

"நம்ம வழக்கப்படி உப்புக் காபி குடிக்கட்டும். முகத்தைச் சுளிக்காம குடிச்சுட்டா நான் வாயே திறக்க மாட்டேன்."

"சுளிச்சா?"

"வேற வீடு பார்க்கட்டும்."

பெண் கேட்டு வருகிற அன்று பெண்ணே காபி போட்டுக் கொண்டுவருவாள். மாப்பிள்ளை குவளையில் மட்டும் உப்பு. அவனிடம் முன்கூட்டியே சொல்லக் கூடாது. மூனெவ்வர் கொடுத்ததை நானும் ஒரு காலத்தில் குடித்தேன். மாமனாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொல்லைப்புறம் போய் அரை மணி நேரம் நின்றேன்.

பெலின் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். "ஆனா ஒரு சிட்டிகைதான் போடுவேன், பாபா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோலண்டும் அவர் மனைவி மார்ஜும் வெஸ்லியும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். ரோலண்ட் என் வாசற்படி மிதிப்பது அதுதான் முதல் தடவை. கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று நானாகவே முடிவுகட்டி, இத்தனை வருஷம் கூப்பிடாமலே இருந்துவிட்டேன். பெலின் காபியைக் குவளைகளில் ஊற்றிவிட்டு, தலைமுடியைச் சரிசெய்யக் கண்ணாடிப் பக்கம் போனாள். நான் பூனை மாதிரி சமையலறைக்குள் நுழைந்தேன். மாப்பிள்ளைக்கென்று தனியாக நீலக் குவளை. அதில் குவித்து மூன்று கரண்டி உப்பைக் கொட்டிக் கலக்கினேன். மேலே நின்ற நுரை அப்படியே அடங்கிப்போயிற்று.

தட்டு வந்தது. பெலின் நீலக் குவளையை வெஸ்லியிடம் நீட்டினாள். அந்தப் பையன் எழுந்து வாங்கி, நேராகத் தன் அப்பா கையில் கொடுத்தான்.

"நீங்க முதல்ல குடிங்கப்பா."

மரியாதை தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அன்றைக்குத்தானா அவனுக்கு அது தெரிந்து தொலைய வேண்டும்! எங்களுக்கு விருந்தாளி கடவுள் அனுப்பிய ஆள். அவருக்கு நான் கடல் தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன். தடுக்க எழுந்தேன், அதற்குள் குவளை அவர் வாய்க்குப் போய்விட்டது.

ரோலண்ட் ஒரு மிடறு குடித்தார். தொண்டை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னொரு மிடறு. முகத்தில் ஒரு சுருக்கம்கூட கூடவில்லை. அடியில் தங்கும் காபித்தூள் மண்டியை நாங்கள் யாருமே குடிப்பதில்லை. அவர் அதையும் விடாமல் மென்று விழுங்கினார்.

"நல்ல காபி" என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "ரோலண்ட், அதுல உப்பு இருக்கு."

"தெரியுது."

"மூணு கரண்டி. உன் பையனுக்குன்னு நான்தான் போட்டேன்."

"மூணா? பாபா!" என்று கத்தினாள் பெலின். மூனெவ்வர் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"தெரிஞ்சும் எதுக்கய்யா குடிச்ச?" என்றேன்.

ரோலண்ட் முதலில் தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "நீ இந்த ஊருக்கு வந்த மொதல் கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுல சாப்பிட்டியே, ஞாபகம் இருக்கா? மார்ஜ் பண்ணின பச்சை ஜெல்லி. உள்ள கேரட்டைத் துருவிப் போட்டிருப்பா. எங்க நாய்கூட மோந்து பார்த்துட்டுப் போயிடும். நீ ரெண்டு தடவை வாங்கித் தின்னுட்டு அருமைன்னு சொன்ன. உனக்கு அப்ப இங்கிலீஷ்ல தெரிஞ்சதே இருபது வார்த்தை. அதுல ஒண்ணை என் பொண்டாட்டி மனசு நோகாம இருக்கச் சொன்ன. இவன் வீட்டுக்குப் போனா எதைக் கொடுத்தாலும் கீழ வைக்காம குடிச்சிரணும்னு அன்னிக்கே நெனச்சேன். கூப்பிடத்தான் உனக்கு முப்பத்தோரு வருஷம் ஆயிடுச்சு."

"நாய்கூடவா?" என்றாள் மார்ஜ். "ஷாகிருக்குப் பிடிக்கும்னுதானே வருஷா வருஷம் கொடுத்து அனுப்புறேன்!"

அந்த ஜெல்லிகள் எங்கே போயின என்பது எனக்கும், எங்கள் கொல்லையில் திரியும் ரக்கூன்களுக்கும் மட்டுமே தெரியும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு முதன்முதலில் சோறு போட்ட வீட்டை நான் வாசலோடு நிறுத்தி வைத்திருந்தேன். நான் தின்ற இரண்டு கரண்டி ஜெல்லியை அந்த மனுஷன் முப்பத்தோரு வருஷம் நினைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

பெலின் அவன் காதில் எங்கள் வழக்கத்தையும் என் நிபந்தனையையும் சொன்னாள். வெஸ்லி எழுந்தான். "அப்ப அது எனக்கு வந்த காபியா? எனக்கும் வேணும். அதே மூணு கரண்டி."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் பெலின்.

"குடிச்சாத்தானே ஷாகிர் ஒத்துக்குவாரு?"

மூனெவ்வர் எழுந்து போனாள். அவளுக்குக் கணக்கு என்றால் கணக்கு. மூன்று கரண்டியையும் அளந்தே போட்டிருப்பாள். நீலக் குவளை மறுபடி வந்தது. வெஸ்லி அதைத் தூக்கினான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"ரோலண்ட், உன் வண்டியில பின்னால இடது டயர்ல காத்து கம்மியா இருக்கே?"

ரோலண்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "ஆமா. கொஞ்சம் கம்மிதான்."

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பயங்கரமான இருமல். "தண்ணி, தண்ணி!" என்று மார்ஜின் குரல். பெலின் விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்கள் இருவரும் நல்ல காற்றுள்ள அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றோம். காலிக் குவளையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

வெஸ்லி முகத்தைச் சுளித்தானா என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.