கிறிஸ்-கிராஸ்

இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் பக்கத்தில் எழுத்துப் பலகையின் முதல் வரி ஒரு சிலுவையோடுதான் தொடங்கும். அதைத் தொட்டுக் கிறிஸ்துவின் சிலுவை என்று சொன்ன பிறகுதான் 'ஏ'. பிள்ளைகள் வாயில் அது தேய்ந்து 'கிறிஸ்-கிராஸ்' ஆகிவிட்டது. இப்போது குறுக்கும் நெடுக்குமாகக் கோடு எங்கே விழுந்தாலும் அதே பேர்தான்.

என் தங்கை டார்கஸ் ஒருநாள் அதை மறந்து நேரே 'ஏ' என்றாள். பள்ளிக்கூடம் நடத்திய அர்சுலா பிரிக்கெட் அதே பலகையால் அவள் இடது காதில் அறைந்தாள். காது போயிற்று. அன்றிலிருந்து அந்தக் கிழவியைப் பார்த்தாலே என் வயிறு எரியும்.

சிலுவை வைப்பதே விக்கிரக வழிபாடு என்று பார்லிமென்ட் ஆட்கள் ஊர் ஊராகச் சிலுவைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோது, அவர்களின் தலைவர் பிளம்மிடம், பள்ளிக்கூடப் பலகைகளிலும் சிலுவை இருக்கிறது என்று நானே போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு அழைத்தும் போனேன். அர்சுலா லேசுப்பட்டவளா? எல்லாப் பலகையிலும் சிலுவையை முன்பே சுரண்டி வைத்திருந்தாள்.

"பாத்தீங்களாய்யா? வயித்தெரிச்சல் பிடிச்சவ பேச்சைக் கேட்டு வந்துட்டீங்களே!"

பிளம் தொப்பியை எடுத்துக்கொண்டார். நான் வாசலை மறித்தேன்.

"ஐயா, ஒரு நிமிஷம். முதல் வரியை அவங்களையே வாசிக்கச் சொல்லுங்க."

"இவ்வளவுதானா? தாராளமா வாசிக்கிறேன்டி" என்று அர்சுலா சிரித்தாள். பலகையைத் தூக்கினாள். நாற்பது வருஷப் பழக்கம். விரல் தானாகச் சுரண்டிய இடத்துக்குப் போனது.

"கிறிஸ்-கிராஸ், ஏ, பி..."

'சி' வரவில்லை. பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிளம் பலகைகளை அடுப்பில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அவள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றார். எனக்கு அப்போதுதான் நெஞ்சு குளிர்ந்தது.

சாயங்காலம் அவள் மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். டார்கஸ் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கிழவி அவள் இடப்பக்கம் குனிந்து, அழுதுகொண்டே காதோடு காதாகச் சொன்னாள்: "மன்னிச்சிரு தாயி... உன்னை அடிச்ச பாவந்தான் இது. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போயிடறேன்."

எனக்குக் கேட்டது. கேளாத காதில் சொல்கிறாய் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

டார்கஸ் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "என்னக்கா சொல்லுது அந்தம்மா?"

அவள் வலது காதில் மெல்லச் சொன்னேன்: "ஊரைவிட்டுப் போக வழி கேக்குது."

டார்கஸ் நல்ல பிள்ளை. எழுந்து நின்று கையை நீட்டிச் சாலையைக் காட்டினாள்.