நீலக் கோடு விழுந்த தயிர்

தையல்காரிக்குக் கத்தரிக்கோலைவிட வாய்தான் கூர்மை. துணி என்றால் அளவெடுத்த பிறகு வெட்டுவாள். பேச்சு என்றால் வெட்டிவிட்டுத்தான் அளவே எடுப்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராண்டாவில் அதுதான் நடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த புருஷனை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், எதிரே நின்ற தன் அண்ணனைப் பார்த்து, "எல்லாம் நீ உன் கையால ஊட்டினதுதான். இப்ப திருப்தியா?" என்று கேட்டுவிட்டாள்.

ஊட்டினது என்று அவள் சொன்னது சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்கிற வெங்காய டிப்பை, கிரீமில் வெங்காயம் கலந்தது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே இவள் வீட்டுக்கு ஃபுட்பால் மேட்ச் பார்க்க வருவான். ஒரு கையில் சிப்ஸ், இன்னொரு கையில் கடை டிப் ஒரு டப்பா. சிமென்ட் கலவை லாரி ஓட்டுகிற மாப்பிள்ளையும் அவனும் சோபாவின் இரண்டு மூலையிலும் சாய்ந்துகொண்டு, டப்பாவின் அடியை விரலால் வழிக்கும்வரை ஓயமாட்டார்கள். பாதி கொழுப்பு, மீதி உப்பு. ஆனால் இத்தனை வருஷமாகப் புருஷன் ஊதித் தள்ளிய சிகரெட்டை அண்ணனா பற்ற வைத்துக் கொடுத்தான்? அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த பயத்தில் யாரையாவது கடித்துக் குதற வேண்டியிருந்தது. அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. "மாப்ள எப்படி இருக்கார்?" என்று போனில் கேட்பான். வரச் சொன்னால் வேலை அதிகம் என்பான். ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதைப் பற்றி அவனும் சரி, அவளும் சரி, புருஷனிடம் மூச்சுக்கூட விடவில்லை. புருஷனோ சோபாவில் தன் மூலையில் மட்டும் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மேட்ச்சை வெறித்தார். வேலைக்குப் போக இன்னும் டாக்டர் விடவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. "மச்சான் இல்லாம என்ன மேட்ச்," என்பார். அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

ஆரம்பிக்க வெங்காயம்தான் கிடைத்தது. டிப்பை வீட்டிலேயே, அவருக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி செய்வது, செய்து முடித்துவிட்டு அண்ணனைக் கூப்பிடுவது என்று இந்தச் சனிக்கிழமை முடிவு கட்டினாள். நாலு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்தாள். அடியில் ஒட்டினபோதெல்லாம் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளித்தாள்.

புருஷன் சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "தீயைக் கூட்டும்மா. இப்படியே போனா அடுத்த சீசனே வந்துடும்."

"கூட்டினா கருகும். வெங்காயம் தானா இனிக்கணும்னா நேரம் குடுக்கணும். நீங்க கிளறுங்க. லாரிக் கலவை மாதிரி சுத்தாதீங்க, மெதுவா."

அவர் கரண்டியை வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் போல ஆனது. வெங்காயம் சுருங்கிச் சுருங்கி, தேன் நிறம் தாண்டிப் பழுப்பாகி, ஒரு பிடிக்கு வந்து நின்றது. வீடே மணத்தது.

கொழுப்பான கிரீமுக்குப் பதில் கட்டித் தயிர். காலையிலேயே தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடியக் குழாயில் தொங்கவிட்டிருந்தாள். தையல்காரி வீட்டில் துணிக்கா பஞ்சம்? கையில் அகப்பட்ட லைனிங் துண்டை எடுத்துக் கட்டிவிட்டாள். அதில் யாருடைய ஜாக்கெட் கைக்கோ அவளே நீலச் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தது நினைவில்லை. இப்போது பிரித்தால், வெள்ளைவெளேர் என்று உருண்டு நின்ற தயிரில் நீல நீலமாகக் கோடு.

புருஷன் குனிந்து பார்த்தார். "இது யாரோட கை அளவு?" என்றார். வெகு நாளைக்கப்புறம் அவர் அடித்த முதல் கிண்டல். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தயிர் குப்பைக்குப் போனது. கடை தெருமுனையில்தான். பையை எடுத்துச் செருப்பையும் மாட்டிவிட்டாள். வாசல்வரை போனவள் அங்கேயே நின்று போனை எடுத்தாள்.

"மாப்ளைக்கு என்ன?" எடுத்த எடுப்பில் அண்ணன் குரல் பதறியது.

"அவருக்கு ஒண்ணுமில்ல. வரும்போது கட்டித் தயிர் ரெண்டு டப்பா வாங்கிட்டு வா. கொழுப்பு எடுத்ததா பாத்து வாங்கு."

"வரும்போதுன்னா?"

"மேட்ச்சுக்கு வரும்போது."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வரலாமா?" என்று கேட்டான்.

அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு இப்படி ஆனது தன்னால்தான் என்று நம்பி அவன் பயந்துபோய் இருந்திருக்கிறான். "பேசிட்டே நிக்காத. வெங்காயம் ஆறுது," என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் யூனிஃபார்மோடு வந்தான். தயிர் டப்பாக்களை அவளிடம் நீட்டிவிட்டு, விருந்தாளி மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்தான். அவள் தயிரில் வெங்காயத்தைக் கலந்து, மிளகுத்தூளும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, பேருக்கு உப்புப் போட்டாள். சிப்ஸுக்குப் பதில் கேரட்டும் வெள்ளரியும் நீளநீளமாக நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

"மச்சான், எடுங்க," என்றார் புருஷன். அண்ணன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. புருஷன் கிண்ணத்துக்குக் கை நீட்டியதும், "மாப்ள, பாத்து," என்றான். முகம் வெளுத்திருந்தது.

அவள் கிண்ணத்தைத் தூக்கி அண்ணன் கையில் வைத்தாள். "நீ குடு அவருக்கு. உன் கையாலயே குடு."

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணா," என்றாள்.

"என்னைக்கு? என்ன சொன்னே?" என்றார் புருஷன்.

அண்ணன் ஒரு கேரட்டை எடுத்து டிப்பில் முக்கினான். சொட்டாமல் உள்ளங்கையை அடியில் பிடித்து மாப்பிள்ளையிடம் நீட்டினான். புருஷன் அதை வாங்கிக் கடித்து, நிதானமாக மென்றார்.

"உப்பு கம்மி," என்றார்.

"கம்மியாத்தான் இருக்கும். சாப்பிடுங்க," என்று அண்ணன் அடுத்த துண்டை முக்கிக் கொடுத்தான். பிறகு தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு, தன் மூலைக்கு நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.