பெரியம்மாவின் கையெழுத்து

மரக்கடைக்காரர் இரண்டு கடிதங்களை மேசைமேல் அருகருகே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோதுதான் கிசுகிசு அந்தக் காகிதங்களைப் பார்த்தாள்.

ஒன்று, நாலு வருடத்துக்கு முன் பெரியம்மாவின் பேரில் அவருக்குப் போன கடிதம். இன்னொன்று, போன மாதம் அவளே தன் பேரில் புதுத் தலைவராக எழுதிய முதல் கடிதம். இரண்டிலும் ‘ழ’வின் வால் அடுத்த வரியைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. இரண்டிலும் வரிகள் ஓரத்துக்குப் போகப் போக மேலே ஏறின. இரண்டும் ஒரே கை என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

கிசுகிசு என்பது அவளுக்கு நாடகக்காரர்கள் வைத்த பேர். இருபது வருடமாகத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு அடுத்த வரியைக் கிசுகிசுத்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுடையது. நாடக அமைப்பின் அலுவலக வேலை பகலில், இந்த வேலை மேடையில். தலைவரான பிறகாவது பேர் மாறும் என்று பார்த்தாள். ‘தலைவர் கிசுகிசு’ ஆனதுதான் மிச்சம்.

அமைப்பு பெரிதல்ல. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் ஒன்று முழுக்க உடுப்புப் பெட்டிகள். எல்லைக்கு இந்தப் பக்கம் பதினோரு நடிகர்கள், அந்தப் பக்கம் பதினோரு பேர். வருடத்துக்கு ஒரு நாடகம், மூன்று வாரம் இங்கே ஒத்திகை, மூன்று வாரம் அங்கே, பிறகு இரண்டு ஊரிலும் மேடையேற்றம். இதைத் தொடங்கியவர் பெரியம்மா. யாருக்கும் பெரியம்மா முறை இல்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. அவர் போட்ட சட்டங்களில் முக்கியமானது ஒன்று: பணம் கொடுத்தவருக்கு அச்சடித்த கடிதம் போகக் கூடாது. தலைவர் தன் கைப்பட எழுத வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் பெரியம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. கிசுகிசுவை மட்டும் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்து, “இதே மாதிரி எழுதிப் பழகு. வெளியில மூச்சு விடாதே” என்றார். இவளும் பழகினாள். கையெழுத்துப் போடுவது முதற்கொண்டு பழகினாள். நன்றாகவே பழகியதில் அவளுடைய சொந்த எழுத்து எங்கேயோ தொலைந்துபோனது. வீட்டில் மளிகைச் சீட்டைப் பார்த்து அவள் வீட்டுக்காரர், “பெரியம்மா நம்ம வீட்டுக்கு எப்போ சோப்பு வாங்க ஆரம்பிச்சாங்க?” என்று கேட்டுச் சிரிப்பார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? தன் பேரில் எழுதிய முதல் கடிதத்தையும் அதே கையால் எழுதி, அழகாக மடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

இப்போது மணி மூன்றே கால். அவள் வீட்டுக்காரர்தான் நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவர். அவர் எல்லை அலுவலகத்து வரிசையில் இருபத்திரண்டு பேரின் விண்ணப்பங்களோடு நிற்கிறார். செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரம் இல்லாமல் அங்கே காகிதம் வாங்க மாட்டார்கள். பத்து வருடமாக அந்தக் கையெழுத்து மரக்கடைக்காரருடையது. பத்திரத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டினாலும் போதும், ஆனால் கவுண்டர் நாலு மணிக்கு மூடும். இன்றுதான் கடைசி நாள். இன்று தவறினால் இந்த வருடம் நாடகம் இல்லை. ஒரு வருடம் நின்றால் அந்தப் பக்கத்து அரங்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அதோடு கடையைக் கட்டவேண்டியதுதான். பத்திரம் மேசைமேல், அவர் முழங்கைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்றார் மரக்கடைக்காரர். குரல் உயரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள் அனுமதியில் வந்த மனிதர், மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தார். “யார் எழுத்து இது?”

எதிரே நாற்காலியில் இருந்த பெரியம்மா இரண்டு கைகளையும் சால்வைக்குள் வைத்திருந்தார். பதவியை ஒப்படைத்து இரண்டு மாதம் ஆகிறது. ‘முதல் சந்திப்புக்கு மட்டும் பக்கத்துல உக்காந்துக்கறேன்’ என்று சொல்லி வந்தவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கிசுகிசு அந்த முகத்தைப் பார்த்தாள். வாய் தானாகப் பொய் சொன்னது.

“நான்தான் எழுதினேன் ஐயா. பெரியம்மாவுக்குக் கையில கொஞ்சம் சுகமில்ல. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். வார்த்தையெல்லாம் அவங்களோடது. பேனாவைப் பிடிச்சது மட்டும்தான் நான்.”

சால்வைக்குள் பெரியம்மாவின் தோள் லேசாக இறங்கியது.

மரக்கடைக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தே விட்டார். “இவ்வளவுதானா? சொல்லியிருக்கலாமே. நான் என்னென்னமோ நினைச்சுட்டு ராத்திரியெல்லாம் தூங்கல. எனக்கும்தான் முட்டி வலி, நான் மறைச்சேனா?” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

கிசுகிசுவின் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. வீட்டுக்காரர்: எனக்கு முன்னால் ஆறு பேர்தான்.

பேனா காகிதத்தைத் தொடவிருந்தது. மரக்கடைக்காரர் நிமிர்ந்தார்.

“அம்மா, ஒரு சின்ன ஆசை. தப்பா எடுத்துக்காதீங்க.” பெரியம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். “என் சம்சாரம் போனப்போ நீங்க எழுதினீங்களே, அவ ஒவ்வொரு தடவையும் மேடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்வாள்னு. முப்பது வருஷம் கூட இருந்தவன், எனக்கே தெரியாது அது. அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்ல. அதை உங்க வாயால ஒரு தடவை கேக்கணும். சொல்லுங்க.”

அவர் குரலில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. ஆசையாகத்தான் கேட்டார். கிசுகிசுவுக்கு அதுதான் தாங்கவில்லை.

பெரியம்மா அவள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதல்ல. இருபது வருடமாக மேடையில் வரி மறந்து நின்ற ஒவ்வொருவரும் திரை ஓரத்தை நோக்கிப் பார்த்த அதே பார்வை. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நாடகம் தொடங்கும்போது அவர் எப்போதும் முன்வரிசையில் விருந்தாளிகளோடு இருப்பார். கடிதம் எழுதிய அன்று, ‘நல்லதா நாலு வரி எழுதி அனுப்பிடு’ என்று சொல்லிவிட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

தண்ணீர்க் குவளையை எடுக்கிற சாக்கில் குனிந்தால் போதும். ரெண்டே வார்த்தை. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்திலேயே ஒருத்தருக்கும் கேட்காமல் கொடுத்தவள். இந்த வயதானவருக்கா கேட்டுவிடப் போகிறது?

கிசுகிசு குனியவில்லை. கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வரி கொடுத்தவளுக்கு இந்த ஒரு வரியைக் கொடுக்க மனசு வரவில்லை. கையெழுத்தைக் கொடுத்தாள், பேரைக் கொடுத்தாள், ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தாள். இது அவளுக்கு நடந்தது. இதை இன்னொருவர் வாயில் வைக்க முடியாது. உதட்டை இறுக்கிக்கொண்டு மேசையையே பார்த்தாள். அமைப்பே கவிழப்போகிறது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா காத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “கண்ணை மூடிக்கிட்டு… ஒரு நிமிஷம் அமைதியா நிப்பாங்க. தியானம் பண்ற மாதிரி. நான் பார்த்திருக்கேன்.”

மரக்கடைக்காரர் பேனாவின் மூடியைப் போட்டுத் திருகினார். மெதுவாக, முழுவதும் திருகினார்.

கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மணி மூன்றரை.

“நீ சொல்லு” என்றார் அவளிடம். ‘அம்மா’ போய்விட்டிருந்தது.

“என் கையைப் பிடிச்சுப்பாங்க ஐயா.” மேசையிலிருந்து கண்ணை எடுத்தாள். “நான் மறைப்புக்குப் பின்னால இருட்டுல நிப்பேன். வலது கையில நாடகப் பிரதி இருக்கும். அவங்க வந்து இடது கையைப் பிடிச்சுப்பாங்க. பேச மாட்டாங்க. கை சில்லுனு இருக்கும். அவங்க முறை வந்ததும் ஒரு அழுத்து அழுத்திட்டு, விட்டுட்டுப் போவாங்க. அவங்க நடிச்ச ஏழு வருஷமும் அப்படித்தான். பெரியம்மா சொல்லி எழுதினேன்னு சொன்னது பொய். எல்லாம் நானா எழுதினதுதான்.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்த பிறகும் சுவரையே பார்த்தார். திரும்பியபோது முகம் கறுத்திருந்தது.

“அப்போ என் பதில்? நான் எழுதினது?” மேசையில் தட்டினார். “அதையெல்லாம் யாரு படிச்சா?”

“நான்தான் படிச்சேன்.”

“நீதான்.” அவர் பெரியம்மா பக்கம் திரும்பினார். “நீங்க?”

கிசுகிசு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பெரியம்மா தலையை ஆட்டித் தடுத்தார்.

“படிக்கல” என்றார் பெரியம்மா. “ஒண்ணுகூடப் படிக்கல. கை போனதிலிருந்து கடிதம்னாலே எனக்கு வெறுப்பு. பணம் வந்துதான்னு மட்டும் கேப்பேன்.”

“சமையலறையில அவ உக்கார்ற நாற்காலியை நான் இன்னும் நகர்த்தலன்னு எழுதினேன். என் பிள்ளைங்க கிட்டகூடச் சொல்லல அதை. என் வயசுக்காரங்க, ஒருத்தரை இழந்தவங்க, புரிஞ்சுக்குவாங்கன்னு உங்களுக்கு எழுதினேன்.” அவமானத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. “ஒரு ஆபீஸ் பொண்ணு அதைப் படிச்சுட்டு ஃபைல்ல போட்டிருக்கு.”

ஃபைலில் போட்டது உண்மை. அந்த நாற்காலியை நினைத்துக் கிசுகிசுவும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் உண்மை. அதை இப்போது சொன்னால் பணத்துக்காகச் சொன்னதாக ஆகிவிடும்.

“என் கடிதங்களைக் குடு. நான் கிளம்பறேன்.”

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். பழுப்பு நிற உறையில் பதினோரு கடிதங்களும் தேதி வரிசைப்படி இருந்தன. கொண்டுவந்து நீட்டினாள். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது, அவள் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

உறைமேல் முதலில் விழுந்தது பெரியம்மாவின் கை. ஐந்து வருடமாக வெளியார் யாரும் பார்க்காத கை. அது மேசை விளிம்பில் தடதடவென்று அடித்துக்கொண்டே நகர்ந்து உறையைப் பிடித்தது. மரக்கடைக்காரர் அதைப் பார்த்தார். பார்க்காதது போல இருக்க அவருக்குத் தெரியவில்லை.

“இது எனக்கு வந்த கடிதம்” என்றார் பெரியம்மா. “என் பேர் போட்டு வந்தது. நான் இன்னும் படிக்கல. படிச்சிட்டுத் தரேன். நீங்க திட்டறதுன்னா அதுக்கப்புறம் திட்டுங்க.”

மரக்கடைக்காரர் உறையின் மறுமுனையைப் பிடித்தார், இரண்டு பேர் பிடியிலும் அது ஆடியது. அவர் இறுக்கிப் பிடித்தால் நிற்கும், பெரியம்மா இழுத்தால் நடுங்கும். மரக்கடைக்காரர் வெகுநேரம் விடவில்லை. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“மெதுவாப் படிங்க” என்றார். “என் எழுத்து கோழிக் கிறுக்கல்.”

பேனாவை எடுத்தார். பத்திரத்தில் கையெழுத்திட்டு, தேதி போட்டு, கிசுகிசு பக்கம் பார்க்காமலே தள்ளினார். “இந்த வருஷத்துக்கு மட்டும்தான். அவ மேடைக்காக. அடுத்த வருஷம் வேணும்னா கடிதம் எழுதிக் கேளு. உன் எழுத்துல. எப்படி இருந்தாலும் பரவாயில்ல.”

அவள் படம் எடுத்து அனுப்பினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: வாங்கிட்டாங்க. இருபத்திரண்டு பேரும் எல்லை தாண்டுவார்கள்.

பெரியம்மா ஏற்கெனவே முதல் கடிதத்தைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் கைக்கு அடங்கவில்லை. உதவிக்கு அவளைக் கூப்பிடவும் இல்லை.

மரக்கடைக்காரரை வழியனுப்பப் படிக்கட்டுவரை போனாள். பகலிலேயே இருட்டாக இருக்கும் படிக்கட்டு. “மன்னிச்சுடுங்க ஐயா” என்று வலது கையை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றார். போகவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. வலது கையை இறக்கிவிட்டு இடது கையை நீட்டினாள்.

அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. ஒரு அழுத்து அழுத்திவிட்டு, விட்டுவிட்டு, கைப்பிடியைத் தடவிக்கொண்டு கீழே இறங்கிப்போனார்.