தேதிக்கு முன்னால் ஒரு சொல்

தெரியாது என்று சொன்னால் கம்ப்யூட்டருக்குப் பிடிக்காது. பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதி என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ‘தெரியவில்லை’ என்று அடித்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், தேதி தவறு என்று ஒரு அறிவிப்பு. தெரிந்தால் போட மாட்டேனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பம் டவுனில் டைப்பிங், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை என்று சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த விஜயகுமார், எங்கள் பெரியப்பாவின் பேரன், வம்சாவளி போடும் சாஃப்ட்வேர் என்று ஒரு சிடியைக் கொண்டுவந்தான். மாசி சிவராத்திரிக்குச் சுருளிப்பட்டிப் பக்கத்துக் குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடுவோம். அதற்குள் புத்தகமாக்கி வீட்டுக்கு ஒன்று கொடுப்பதாகப் பேச்சு. வேலை யார் தலையில் விழும்? “அத்தை கடையில கம்ப்யூட்டர் சும்மாதான கெடக்கு” என்றான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

பெரிசுகளிடம் தேதி கேட்பது கல்லில் நார் உரிப்பதுதான். “பெரியாத்து அணை கட்டி முடிச்ச வருசம் பெறந்தாக” என்பார்கள். நல்லவேளை, தேதிக்கு முன்னால் ஒரு சொல் சேர்க்க சாஃப்ட்வேர் இடம் கொடுத்தது. ‘அபவுட்’ என்று போட்டால் சுமார். ‘ஆஃப்டர்’ என்று போட்டால் அதற்குப் பிறகு. பாட்டன் பூட்டன் எல்லாரையும் சுமாராகப் பிறக்க வைத்தேன்.

என் அண்ணன் சுருளிவேலின் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை என்று 23-09-1997 அன்று அண்ணன் கிளம்பினார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவி, என் மதினிதான் குமுளி பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். தோட்டத்துக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. வண்டன்மேட்டில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், கட்டப்பனையில் டீக்கடையில் பார்த்ததாக இன்னொருவர். போனோம், தேடினோம், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். ஆள் இல்லை. மதினி கஸ்தூரி மட்டும் தினமும் குங்குமம் வைத்துக்கொண்டு, பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ரெண்டு பேருக்கு உலை வைத்தாள்.

இறந்த தேதியை வெற்றாக விட்டால், சாஃப்ட்வேர் தானாகவே ‘உயிருடன் உள்ளார்’ என்று அச்சடிக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘காணவில்லை’ என்று அடித்தேன், டொய்ங். கடைசியில் ‘ஆஃப்டர் 23-09-1997’ என்று போட்டேன். அந்தத் தேதிவரை இருந்தார், அதற்குப் பிறகு தெரியாது. அந்த மெஷினில் இருந்ததிலேயே பொய் இல்லாத சொல் அது ஒன்றுதான்.

ஃபைலை விஜயகுமாருக்கு அனுப்பினேன். அவன் அதை வேறொரு புது சாஃப்ட்வேரில் ஏற்றி, மதுரையில் கலர் கலராக அச்சடித்து, சிவராத்திரிக்கு மறுநாள் காலை கோயிலில் புத்தகக் கட்டைப் பிரித்தான். பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள்.

“ஏலே, என்னலே இது? நம்ம பாட்டன்மாரெல்லாம் ஒண்ணாந் தேதி ஜனவரிக்கே பெறந்திருக்காக! வெள்ளைக்காரனுக்கா பெறந்தாக?” என்று பெரியப்பா கேட்க, கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது.

“விஜயா, அந்த அபவுட்டெல்லாம் எங்கடா?”

“டேட் ஃபார்மட் கலந்து கட்டியா கெடந்துச்சு அத்தை. எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்திட்டேன். முன்னாடி இருந்த வார்த்தையெல்லாம் புது சாஃப்ட்வேர் எடுத்துக்கலை, வெறும் வருசத்துக்கு அதுவா ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கிச்சு.”

நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் பெரியப்பா புரட்டிவிட்டார். சுருளிவேல். இறப்பு: 23-09-1997.

“அவனப் பத்தித் தாக்கல் வந்துருச்சா?” என்றார், சிரிப்பு அடங்கி. பூசாரி பழைய பஞ்சாங்கத்தை வரவழைத்துப் பார்த்தார். “புரட்டாசி தேய்பிறை, மாளய பட்சம். திதி குடுக்கத் தோதான நாளுதான்” என்றார்.

“தப்பு! அது தப்பா அச்சாயிருக்கு!” என்று கத்தினேன். கத்தக் கத்த அது உண்மை மாதிரிதான் ஆனது. பெண்கள் பக்கம் மதினி புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஒனக்கு இது எப்ப தெரியும்த்தா?” என்றாள். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

மறுநாள் கடையைத் திறந்ததும் ஸ்டிக்கர் அடிக்க ஆரம்பித்தேன். ‘ஆஃப்டர்’ என்ற சொல்லோடு சின்னச் சின்னதாக. வீடு வீடாகப் போய் ஒட்டிவிடுவது என்று வைராக்கியம். பாதியில் மதினி வந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை.

“மதினி, அது சாஃப்ட்வேர் பண்ணுன தப்பு. அண்ணனைப் பத்தி ஒரு சேதியும் வரலை. சாமி சத்தியமா.”

“தெரியும்த்தா. விஜயன் வந்து சொன்னான்.” ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். “இதுல என்ன எழுதியிருக்கு?”

“ஆஃப்டர். அந்தத் தேதிக்கு அப்புறம்னு அர்த்தம். எப்பன்னு தெரியாது, ஆனா அப்புறம்.”

“அப்புறம்.” அதையே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். “இத்தனை வருசமும் நான் அதுக்குள்ளதான கெடக்கேன். வேணாம்த்தா, ஒட்டாத.”

“அன்னைக்கு அண்ணன் உசுரோடதான மதினி பஸ் ஏறுனாக? நீங்கதான ஏத்திவிட்டீக?”

“ஏறுனாக. சன்னல் வழியா கையக் காமிச்சாக. பொய்த் தேதிதான். இருந்துட்டுப் போகட்டும். அழுகுறதுக்கு எனக்கு ஒரு நாள் வேணும்ல?”

ஸ்டிக்கர்களைக் கிழித்துப் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க, என் ஃபைலிலும் அந்தச் சொல்லை எடுத்தேன். விஜயகுமாரின் சாஃப்ட்வேர் தெரியாமல் செய்ததை நான் தெரிந்தே செய்தேன். என் கூடப் பிறந்தவர். இந்த முறை மெஷின் ஒரு சத்தமும் போடவில்லை.

புரட்டாசியில் சுருளி அருவிக்கரையில் விஜயகுமாரின் அப்பா எள்ளும் தண்ணியும் இறைத்தார். மதினி வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து, ஒப்பாரி வைத்து, தொண்டை கட்டும்வரை அழுதாள். எல்லாம் முறைப்படி முடிந்தது. இனி ஒரு வழியாக அவள் தூங்குவாள் என்று நானும் நினைத்தேன்.

திரும்பி வந்து கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். குமுளியிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. மதினி நடையை நிறுத்தி, இறங்குகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆள் இறங்கும்வரை நானும் பார்த்தேன்.