இல்லாத தடைக்கு ஒரு கடதாசி

சிசிலி கேட்ட கடதாசியைத் தர முடியாது என்று பாதர் எஸ்தேபான் மூன்றாவது தடவையும் சொன்னார். தர மனமில்லாமல் இல்லை, தருவதற்கு ஒன்றுமில்லை. கலியாணத்துக்குத் தடை என்று ஒன்று இருந்தால்தானே அதை விலக்கித் திருச்சபை கடிதம் கொடுக்கும்? சிசிலியின் மகன் டனிஸ்ரனும் அவன் கட்டப்போகிற அனோஜினியும் சொந்த மச்சான் மச்சாள் என்றால் ஆயருக்கு விண்ணப்பம் போடலாம். இவர்களோ நாலு தலைமுறைக்கு மேலே போய்த்தான் ஒரே தாய் தகப்பனைச் சந்திக்கிறார்கள். அந்தத் தூரத்தை இந்தக் காலத்தில் யாரும் பார்ப்பதில்லை என்று பாதர் கையை விரித்தார்.

சிசிலிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திருச்சபை மறிக்கிற மச்சான் மச்சாளை ஊர் மேளம் கொட்டிச் சேர்த்துவைக்கும். திருச்சபை கண்டுகொள்ளாத இந்தச் சொந்தத்தைத்தான் ஊர் மறிக்கும். சிசிலியின் அம்மம்மாவும், அனோஜினியின் தாய் அக்னெஸின் அம்மம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி. அந்த வழியால் இறங்கி வந்தால் சிசிலியும் அக்னெஸும் சகோதரிகள், பிள்ளைகள் இரண்டும் அண்ணன் தங்கச்சி முறை. இதைக் கண்டுபிடித்தவர் சிசிலியின் பெரியண்ணை செபஸ்தியாம்பிள்ளை. மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் அவர் வீட்டு விறாந்தையில், சிசிலியும் அக்னெஸும் சம்பந்தம் பேசப் போன அன்றைக்கு, அக்னெஸிடம் இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் முறை இல்லை என்று எழும்பிவிட்டார். சேர்ச் கடதாசி தந்தால் வருவேன், தராவிட்டால் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவருடைய முடிவு.

தாங்கள் கட்டத்தான் போகிறோம், மாமா வந்தால் சந்தோஷம் என்று டனிஸ்ரன் சொல்லிவிட்டான். அவனுக்கு அது போதும். சிசிலிக்குப் போதாது. பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்தவளை வளர்த்து, படிப்பித்து, கட்டிக்கொடுத்து, கடைசியில் கனடாவுக்கும் கூப்பிட்டவர் அண்ணை. அவர் இல்லாத கோவிலில் மகனுக்குக் கலியாணம் நடப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாதர் எஸ்தேபான் மெக்சிக்கோக்காரர். மொன்றியலில் படித்துக்கொண்டே வில்லரேயில் இருந்த சிசிலியின் பங்குக்கோவிலுக்கு உதவிக்கு வருபவர். அவருடைய படிப்பும் விசித்திரமானது. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் அவர் ஊர்ப்பக்கத்துச் சனங்கள் சொந்தத்துக்குள் கட்டுவதற்காகத் திருச்சபைக்கு எழுதிய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பிரதிகள் சிலவற்றை அவளுக்கு எடுத்துக் காட்டினார். வட்டம் வட்டமாகப் பெயர்கள், வட்டங்களை இணைத்துக் கோடுகள். அந்தக் காலத்தில் என்றால் உங்கள் பிள்ளைகளுக்கும் கடதாசி தேவைப்பட்டிருக்கும் என்றார். சனங்கள் சொன்ன காரணங்களையும் வாசித்துக் காட்டினார். ஊர் சின்னது, எங்கள் தரத்துக்கு வேறு ஆளில்லை. பெண்ணுக்கு இருபத்துநாலு தாண்டிவிட்டது. அனோஜினிக்கு இருபத்தேழு என்று நினைத்துக்கொண்டு சிசிலி சிரித்தாள். எங்கள் ஆட்கள்தான் என்று பட்டது அவளுக்கு.

அதே மாதிரி ஒன்று வரைந்தால் அண்ணையின் மனம் இளகாதா? பாதருக்கும் ஆசை பிறந்துவிட்டது. ஆனால் செபஸ்தியாம்பிள்ளையைக் கோவில் மண்டபத்துக்குக் கூட்டி வருவது எப்படி? சிசிலி தொலைபேசி எடுத்தாள். பரம்பரைப் பெயர்களைப் பாதருக்குக் கொடுத்துவிட்டதாகவும், அம்மம்மாவின் தாய் வெரோனிக்கா என்று எழுதியாயிற்று என்றும் சொன்னாள். மறுபக்கத்தில் அண்ணை பாய்ந்தார்.

"வெரோனிக்காவோ? அது அவவின்ர மாமியெல்லோ. ஒண்டையும் எழுத விடாதை, நான் வாறன்."

ஞாயிறு பூசை முடியுமுன்னரே ஆள் மண்டபத்தில் நின்றார். பென்சிலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஏழு தலைமுறை தண்ணீராக ஓடியது. பாதர் பிரெஞ்சில் கேட்பதைச் சிசிலி தமிழில் சொல்ல, அவர் வட்டம் போட்டு எழுதினார். கூடப்பிறந்தவர்களையும் அவர்கள் கட்டியவர்களையும்கூட விடாமல் எழுதவேண்டும் என்பது பாதரின் பழைய கடதாசி ஒழுங்கு. அப்படியே செபஸ்தியாம்பிள்ளையின் முறை வந்தது. மனைவி பிலோமினா, ஊர் பேசாலை. அவரின் தகப்பன். தகப்பனின் தகப்பன்?

"தெரியாது."

சிசிலி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணை வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. பாதர் அவசரப்படவில்லை. பழைய விண்ணப்பங்களிலும் ஒரு இடத்தில் மட்டும் வட்டம் வெறுமையாக இருக்கும், அந்த இடத்தில்தான் நான் எப்போதும் கூட நேரம் இருப்பேன் என்று மெதுவாகச் சொன்னார். சிசிலி அதைத் தமிழாக்கியதும் செபஸ்தியாம்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிலோமினாவின்ர அப்பப்பாவும் எங்கட அப்பப்பாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. சண்டை பிடிச்சுக்கொண்டு அவர் பேசாலைக்குப் போனவர். எங்கட கலியாணம் எழுதேக்க அப்பு அந்தப் பேரைச் சாமியாருக்குச் சொல்லாமல் விட்டிட்டார். எனக்கும் தெரியும். நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"ஏன் அண்ணை?"

"எனக்கு அவவைப் பிடிச்சிருந்தது."

அண்ணியை நாற்பது வருடமாக அண்ணி என்று கூப்பிட்டவள் சிசிலி. அண்ணியும் ஒரு வழியில் தனக்கு அக்காதானா? கோபம் வரவேண்டிய இடம். எத்தனை வீட்டுச் சம்பந்தங்களை இந்த மனிதர் முறை பார்த்துக் கலைத்திருக்கிறார். ஆனால் வந்தது கோபம் இல்லை. நாற்பது வருடம் ஒரு பெயரைத் தொண்டைக்குள் வைத்திருந்த அண்ணையைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, பாசமாகவும் இருந்தது.

"எனக்கும் இப்ப ஒரு கடதாசி எடுக்க வேணுமோ எண்டு கேள், பிள்ளை" என்றார் அவர். விளையாட்டாகக் கேட்கவில்லை.

சிசிலியின் பிரெஞ்சு முழுவதும் அவள் வேலை செய்த கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், மூன்று வயதுக் குழந்தைகளோடு பேசிப் பழகியது. இரு, பகிர்ந்து கொடு, கடிக்காதே, மன்னிப்புக் கேள். இப்படிப்பட்ட விஷயத்துக்கு அதில் சொல் இல்லை. அண்ணை முன்பொருநாள் ஒரு குழப்படி செய்துவிட்டாராம், இப்போது உண்மையைச் சொல்கிறாராம், பிறகு என்ன நடக்கும் என்று கேட்கிறார் என்றாள். பாதர் சிரிக்கத் தொடங்கியவர், கிழவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். எழும்பி வந்து அவர் தோளில் கை வைத்தார். அப்போது தேவைப்பட்டிருக்கும், இப்போது அந்தச் சட்டமே இல்லை, உங்களை யாரும் பிரிக்க வரமாட்டார்கள் என்றார்.

"இண்டைக்கு ஒருத்தருக்கும் கடதாசி தேவையில்லையாம், அண்ணை."

செபஸ்தியாம்பிள்ளை தலையாட்டினார். வெறுமையாக இருந்த வட்டத்துக்குள் ஒரு பெயரை எழுதினார். சந்தியாப்பிள்ளை. பிறகு பென்சில் கீழே இறங்கி, தாளின் அடியில் தனித்தனியாக நின்ற இரண்டு வட்டங்களிடம் வந்தது. டனிஸ்ரனின் வட்டத்தின் ஓரத்தில் முனையை வைத்தார்.

"இஞ்ச நேராக் கோடு இழுக்க அடிமட்டம் ஒண்டு கிடக்குமோ, பிள்ளை?"

காலையிலிருந்து அத்தனை கோடுகளையும் வெறுங்கையால் இழுத்தவர். மறைக்கல்விப் பிள்ளைகளின் அலுமாரியைத் திறந்து, கலர் பென்சில்களையும் ஒட்டுத்தாள்களையும் கிண்டிக் கிளறி, சிசிலி ஒரு மஞ்சள் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர் பென்சிலை வைத்த இடத்திலிருந்து எடுக்காமல், குனிந்தபடியே, மற்றக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.