ஆகாத மருந்து

பார்லர்காரிக்கு மறைப்பதுதான் தொழில். கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவையும் கண்ணுக்குக் கீழே கிடக்கும் கருவளையத்தையும் அவள் பூசி மெழுகிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அந்தக் கைவேலையைக் கடையோடு நிறுத்தியிருக்கலாம். தன் மகள் விஷயத்திலும் காட்டினாள்.

மகளுக்குப் பென்சிலின் வகை மருந்து ஆகாது. சின்ன வயதில் ஒரு தடவை கொடுத்து, முகம் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரும்பாடு. முதலில் வந்த வரனிடம் இதை வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தார்கள். "சீக்காளிப் பொண்ணு எங்களுக்கு வேண்டாம்" என்று அவர்கள் போய்விட்டார்கள். அன்றைக்கே பார்லர்காரி மகளுக்கு உத்தரவு போட்டாள்: இனி இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

இப்போது அமைந்திருப்பது அவள் கனவிலும் நினைக்காத இடம். பையனின் அம்மா சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கடைக்கு மாடியிலேயே டாக்டர். மகளுக்குத் தொண்டை பழுத்துக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும், "நம்ம டாக்டர்கிட்டயே கூட்டிட்டு வாங்க சம்பந்தி" என்று போன் வந்துவிட்டது. வரமாட்டேன் என்றா சொல்ல முடியும்?

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டார். பக்கத்திலேயே சம்பந்தி நின்றிருந்தாள்.

"கல்லைக் குடுத்தாலும் செரிக்கும் டாக்டர் இவளுக்கு" என்று மகளை முந்திக்கொண்டாள் பார்லர்காரி.

சம்பந்தி முன்னால் இறங்கிப் போக, படிக்கட்டில் மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அது அந்த மருந்துதாம்மா. சீட்டுல பேரைப் பார்த்தேன்."

"தெரியும்டி. வாங்கிட்டுப் போய்க் குப்பையில போட்டுட்டு வேற டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். காரியத்தைக் கெடுத்துடாதே."

நல்ல யோசனைதான். ஆனால் சம்பந்தி ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்துவிட்ட யோசனை. அவள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்வதை இவர்களிடமும் சொன்னாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சுன்னு பாதியில நிறுத்தக் கூடாது. மிச்சம் வெச்சு இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. டாக்டர் எழுதினபடி முழுசா சாப்பிடணும். பென்சிலின் சேரும்ல?"

"நல்லாவே சேரும்."

"அப்ப முதல் மாத்திரையை இங்கேயே போட்டுக்கம்மா. எதுக்குத் தள்ளிப்போடணும்?" என்று தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். சின்ன வயதில் வந்தது இன்னுமா இருக்கும், எல்லாம் சரியாகியிருக்கும் என்று பார்லர்காரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எந்தத் தாய்க்கு அப்படி மனசு வரும்? இவளுக்கு வந்தது.

"முழுங்குடி கண்ணு. அத்தை சொல்றாங்கல்ல."

மகள் முழுங்கினாள். அம்மா பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

எந்த மண்டபம், எத்தனை பேர் என்று பேச்சு சூடுபிடித்தபோது மகள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். தோல் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. பார்லர்காரி துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடிவிட்டாள். "வெயில்ல வந்தாள்ல. நல்ல நிறம், உடனே சிவந்துடும்." உதடு வீங்கியது. "ராத்திரி சரியா தூங்கலை" என்றாள். மூச்சு விசிலடிக்க, மகள் தரையில் சரிந்தாள்.

சம்பந்தி மாடியைப் பார்த்து டாக்டரைக் கத்திக் கூப்பிட்டாள். "இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா? உண்மையைச் சொல்லுங்க!"

"இல்லவே இல்ல சம்பந்தி. காலையில ஏதோ சாப்பிட்டது..."

தரையில் சரிந்திருந்த மகள் தலையை ஆட்டினாள். ஆமாம், ஆமாம் என்று, அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஆட்டினாள். டாக்டர் ஓடிவந்து தொடையில் ஊசி போட்டார். ஆம்புலன்ஸ் வந்தது.

பிழைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி பொரிந்து தள்ளினாள். "என் பையனுக்குக்கூட ஒரு மருந்து ஆகாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவான். அதுல என்ன கேவலம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை எடுத்துக் குடுத்திருப்பேன். கடை முழுக்க அதானே இருக்கு?"

பார்லர்காரி அழுதாள். அழுதபடியே கேட்டாள்: "அப்ப கல்யாணம் நின்னுடாதுல்ல?"

சம்பந்தி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வார்டுக்குள் போனாள். பார்லர்காரியும் பின்னாலேயே போனாள்.

"கூட ஒருத்தர்தான் தங்கலாம். யாரு இருக்கப் போறாங்க?" என்று நர்ஸ் மகளிடம் கேட்டாள். பார்லர்காரி தன் பையை ஸ்டூல் மேல் வைக்கப் போனாள். மகள் கையைத் தூக்கிச் சம்பந்தியைக் காட்டினாள். பிறகு கரகரத்த குரலில், "எந்த மருந்தையும் எங்கம்மா கையில குடுக்காதீங்க சிஸ்டர்" என்றாள். அம்மா நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

பார்லர்காரி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கும் வலித்தது. நன்றாகவே வலித்தது. சுவரில் சாய்ந்து நின்றபோது அவள் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காண்ணா. மாமியார்தான் கூடவே இருந்து பார்த்துக்கறாங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னையே வேண்டாம்னுட்டா, பாரேன். அவங்ககூட அவ்வளவு ஒட்டுதல்."